உருளைக்கிழங்குக்கு மக்கிய உரமும் தழைச்சத்தும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உருளைக்கிழங்கு பயிரிடுவோரிடையே "மக்கிய உரமா, யூரியாவா?" என்ற வழக்கு முடியவே முடியாது. இரண்டையும் எதிரெதிரே நிறுத்துவதே தவறு என்பது என் உறுதியான கருத்து. ஒன்று மண்ணுக்கான உணவு, மற்றொன்று அந்தப் பருவத்துப் பயிருக்கான உணவு. ஆனால் இரண்டும் சேர்ந்தால்கூட, காலம் தவறிப் போட்டால் விளைச்சல் ஏமாற்றிவிடும். கீழே உள்ள பதில்களில் இந்தக் காலக் கணக்கு திரும்பத் திரும்ப வரும்.

மக்கிய உரம் தாராளமாகப் போடுகிறேன். பிறகு யூரியா எதற்கு?

இதற்குக் கணக்குப் போட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். நன்றாக மக்கிய கம்போஸ்டில், ஈரம் நீக்கிய எடையில், பொதுவாக 1 முதல் 2 சதவீதம் தழைச்சத்து (நைட்ரஜன்; யூரியா தருவதும் இதைத்தான்) இருக்கும். ஒரு ஹெக்டேருக்கு 10 டன் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் 4 டன் வெறும் ஈரம். மீதி 6 டன்னில் ஒன்றரை சதவீதம் என்றால் 90 கிலோ தழைச்சத்து. கேட்பதற்கு நிறையத்தான். ஆனால் அதில் பெரும்பகுதி மட்குக்குள் கட்டுண்டு கிடக்கிறது. நுண்ணுயிர்கள் மெல்ல மெல்ல அவிழ்த்துக் கொடுத்தால்தான் வேர் அதை எடுத்துக்கொள்ள முடியும். முதல் ஆண்டில் அப்படி அவிழ்வது பெரும்பாலும் 5 முதல் 20 சதவீதம் வரைதான். 90 கிலோவில் பயிரின் கைக்கு வருவது ஏறக்குறைய 5 முதல் 18 கிலோ. ஒரு நல்ல உருளைக்கிழங்குப் பயிரோ மூன்று நான்கு மாதங்களுக்குள் 100 கிலோவுக்கு மேல் கேட்கும்.

மீதி வீணாகிவிடவில்லை. அது மண்ணில் சேமிப்பாக நின்று அடுத்தடுத்த ஆண்டுகளில் சிறிது சிறிதாக வெளிவரும். ஆண்டுதோறும் கம்போஸ்ட் பெறும் நிலத்தில் இந்தச் சேமிப்பு வளர்ந்துகொண்டே போகும். அப்போது யூரியாவின் அளவை உண்மையாகவே குறைக்கலாம். முதல் ஆண்டிலேயே யூரியாவை அடியோடு நிறுத்திவிட்டு, கொடி (மண்ணுக்கு மேலே உள்ள தண்டும் இலையும்) வெளிறிப்போன பிறகு கம்போஸ்டைக் குறை சொல்வது நியாயமில்லை. அதனிடம் நாம் கேட்டது அது செய்யக்கூடிய வேலையே அல்ல.

அப்படியானால் யூரியா மட்டும் போட்டால் போதாதா?

ஓரிரு பருவத்துக்குப் போதும் என்று தோன்றலாம். உருளைக்கிழங்கின் வேர் ஆழம் போகாது. பெரும்பாலான வேர்கள் மேல் 30 சென்டிமீட்டர் மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும். அந்த ஓரடி மண்தான் நீரைப் பிடித்து வைக்க வேண்டும், போட்ட தழைச்சத்தை அடியில் கசிய விடாமல் தாங்க வேண்டும், கிழங்கு பருக்கும்போது வழிவிட்டு நெகிழவும் வேண்டும். இறுகிய மண்ணில் கிழங்கு கோணல்மாணலாகப் பருக்கும்; அறுவடையின்போது கட்டிகளில் மோதிக் காயப்படும். மணற்பாங்கான நிலத்திலோ இரண்டு நாள் வெயிலில் பயிர் வாடத் தொடங்கும். பிறகு ஊற்றும் நீரோடு யூரியாவும் வேருக்குக் கீழே இறங்கிவிடும்.

மக்கிய உரம் இந்த மேல் மண்ணைத் திருத்துகிறது. களிமண்ணைப் பொலபொலப்பாக்குகிறது, மணலுக்கு நீர்ப்பிடிப்பைத் தருகிறது. கூடவே சாம்பல் சத்தையும் (பொட்டாசியம்) மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) துத்தநாகம், போரான் போன்ற நுண்சத்துகளையும் கொண்டுவருகிறது. யூரியா மூட்டையில் தழைச்சத்தைத் தவிர வேறொன்றும் கிடையாது. கம்போஸ்ட் சேர்த்த மண்ணில் அதே அளவு யூரியா கூடுதலாகப் பலன் தருவதற்குக் காரணம் இதுதான்: போட்டது வேர் எட்டும் இடத்தில் நிற்கிறது.

கொடி செழிப்பாக இருந்தால் கிழங்கும் அதற்கேற்பப் பெருக்கும், அல்லவா?

இல்லை. இந்தப் பயிரில் அதிகம் ஏமாற்றும் நம்பிக்கை இதுதான். ஆகவே இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

உருளைக்கிழங்கு வேரன்று, தண்டு. செடியின் அடியிலிருந்து மண்ணுக்குள் பக்கவாட்டில் ஓடுதண்டுகள் கிளம்புகின்றன. அவற்றின் நுனி நீண்டுகொண்டே போவதை நிறுத்திவிட்டுப் பருக்கத் தொடங்கினால் அது கிழங்கு. அந்த நுனி "நீளட்டுமா, பருக்கட்டுமா?" என்று முடிவெடுக்கும் நேரம் ஒன்று உண்டு. நட்ட விதைக்கிழங்கின் வயது, ரகம், பகல் நேரத்தின் நீளம், இரவின் குளிர்ச்சி ஆகியவற்றைப் பொறுத்து அது பெரும்பாலும் முளை வெளிவந்த இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் வரும். குளிர்ந்த இரவு "பரு" என்று தூண்டும். மண்ணில் தளும்பி நிற்கும் தழைச்சத்தோ "இன்னும் இலை விடு, இன்னும் நீளு" என்று சொல்லும். சத்துநீரில் வளர்த்துச் செய்த ஆய்வுகளில், தழைச்சத்தைத் தொடர்ந்து மிகுதியாகக் கொடுத்தபோது கிழங்கு பிடிப்பது தள்ளிப்போனது. சில நாள் நிறுத்தியதும் ஓடுதண்டின் நுனிகள் பருக்கத் தொடங்கின. மீண்டும் கொடுத்தபோது, பருத்த நுனியிலிருந்தே புதுத் தண்டு நீண்டது. வயலில் கழுத்து முளைத்த, பொம்மை போன்ற உருவில் வரும் கிழங்குகளில் பல இத்தகைய நின்று தொடர்ந்த வளர்ச்சியால் வருபவைதான். வறட்சிக்குப் பின் வரும் திடீர் ஈரமும் வெப்பமும் அதே கோளாற்றை உண்டாக்கும்.

இலையே வேண்டாம் என்று இதற்குப் பொருள் அல்ல. கிழங்கில் சேரும் மாவு முழுவதையும் இலைதான் சமைக்கிறது. தரை தெரியாதபடி இலை விரைவாக மூட வேண்டும். மூடிய பிறகு நெடுநாள் பச்சையாக நிற்கவும் வேண்டும். அதற்குத் தொடக்கத்தில் தழைச்சத்து தட்டாமல் கிடைக்க வேண்டும். பின்பாதியில் புது இலைக்காகச் செடி அலையக் கூடாது. அப்போது மாவு கீழே இறங்க வேண்டும். இடுப்பளவு வளர்ந்து சாய்ந்து கிடக்கும் கொடியைப் பார்த்து மகிழ்ந்தவர்கள், தோண்டியபோது கோலிக்குண்டு அளவுக் கிழங்குகளைக் கண்டு மனம் ஒடிந்ததைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் உழைப்பில் குறையே இல்லை. பயிர் வளரும்போது கொடுக்கும் மேலுரம் மூன்று வாரம் பிந்திவிட்டது, அவ்வளவுதான்.

எவ்வளவு தழைச்சத்து தேவை என்று எப்படிக் கணக்கிடுவது?

எதிர்பார்க்கும் விளைச்சலிலிருந்து தொடங்குங்கள். ஒரு டன் கிழங்கு விளைய, கொடியும் சேர்த்துப் பயிர் ஏறக்குறைய 4 முதல் 5 கிலோ தழைச்சத்தை எடுக்கிறது. ஹெக்டேருக்கு 25 டன் இலக்கு என்றால் 100 முதல் 125 கிலோ. இதில் ஒரு பகுதியை மண்ணே தரும். முந்தைய பயிர் பயறு வகையாக இருந்தால் கூடுதலாகத் தரும். கம்போஸ்டின் பங்கை மேலே பார்த்தோம்.

ஓர் எடுத்துக்காட்டு: பயிருக்குத் தேவை 120 கிலோ, மண் 40 தருகிறது, 10 டன் கம்போஸ்ட் 15 தருகிறது. பற்றாக்குறை 65 கிலோ. ஆனால் மூட்டையிலிருந்து போடும் தழைச்சத்தில் உருளைக்கிழங்கு எடுத்துக்கொள்வது பெரும்பாலும் பாதியோ அதற்குச் சற்று மேலோதான். வேர் ஆழமில்லாததன் விலை இது. ஆகவே போட வேண்டியது ஏறக்குறைய 120 கிலோ. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து இருப்பதால் அது 260 கிலோ யூரியா. ஏக்கர் கணக்கில் சுமார் 105 கிலோ. வீட்டுத் தோட்டத்துக்கு ஒரு சதுர மீட்டருக்கு 26 கிராம்.

இந்த எண்களை அப்படியே எடுத்துப் போட்டுவிடாதீர்கள். மண் பரிசோதனை முடிவும் ரகத்தின் வயதும் தெரிந்தால்தான் கணக்கு உங்களுடையதாகும். குறுகிய கால ரகத்துக்கும் நீண்ட கால ரகத்துக்கும் தேவையில் பெரிய வித்தியாசம் உண்டு.

எப்போது, எப்படிப் போட வேண்டும்?

மக்கிய உரத்தை நடவுக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே பரப்பி, மேல் 15 முதல் 20 சென்டிமீட்டர் மண்ணோடு கலந்துவிடுங்கள். அதற்கும் கீழே ஆழமாகப் புதைத்தால் வேருக்கும் எட்டாது, காற்றும் கிடைக்காது. உரம் குறைவாக இருந்தால் நிலம் முழுவதும் தூவாமல், மண்ணை மேடாக்கிப் பார் பிடிக்கும் வரிசைகளில் மட்டும் போடலாம்.

தழைச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை நடவின்போது இடும் அடியுரம். மீதியை, செடியின் அடியில் மண்ணைக் குவித்து அணைக்கும்போது மேலுரமாகக் கொடுக்க வேண்டும். மண் அணைப்பு, முளை வெளிவந்து செடி ஒரு சாண் உயரம் வந்ததும் செய்ய வேண்டியது. உரத்தைச் செடியின் பக்கத்தில் இட்டு உடனே மண்ணால் மூடிவிடுவதால் இரண்டு வேலையும் ஒன்றாக முடிகிறது. மணற்பாங்கான நிலமானால் மேலுரத்தை இரண்டாகப் பிரித்து, இரண்டாவது தவணையைக் கிழங்கு பருக்கத் தொடங்கும்போது கொடுக்கலாம். அதோடு நிறுத்திவிடுங்கள். கடைசித் தவணைக்கும் அறுவடைக்கும் இடையே குறைந்தது ஆறு வாரமாவது இருக்கட்டும்.

அடியுரம் விதைக்கிழங்கைத் தொடவே கூடாது. விதையிலிருந்து 5 சென்டிமீட்டர் பக்கவாட்டில், 5 சென்டிமீட்டர் கீழே என்பது பழைய நல்ல வழக்கம். யூரியா கரையும்போது கிளம்பும் அமோனியா, இளமுளையையும் வெட்டிய விதைத்துண்டின் முகத்தையும் பொசுக்கிவிடும்.

யூரியா நல்லதா, அமோனியம் சல்பேட் நல்லதா?

எடைக்கு எடை பார்த்தால் யூரியாவில் 46 சதவீதம், அமோனியம் சல்பேட்டில் 21 சதவீதம் தழைச்சத்து. யூரியாவை ஈர மண்ணின் மேல் தூவி அப்படியே விட்டுவிட்டால் ஒரு பகுதி அமோனியாவாகக் காற்றில் கலந்துவிடும். வெயில் நாளிலும் காரத்தன்மை உள்ள மண்ணிலும் இந்த இழப்பு அதிகம். மண்ணுக்குள் மூடினால் அல்லது போட்டவுடன் நீர் பாய்ச்சினால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

அமோனியம் சல்பேட்டுக்கு இரண்டு நன்மைகள் உண்டு. கந்தகம் கூடவே வருகிறது. மண்ணின் அமிலத்தன்மையையும் சற்றுக் கூட்டுகிறது. கிழங்கின் தோலைச் சொரசொரப்பாக்கும் சொறி நோய் தொல்லை தரும் காரமான நிலத்தில் அது உதவும். ஏற்கெனவே அமிலம் மிகுந்த நிலத்தில் வேண்டாம். நைட்ரேட் வடிவ உரங்கள் உடனே வேலை செய்யும், ஆனால் மழைக்கும் மிகைப் பாசனத்துக்கும் உடனே கரைந்து இறங்கிவிடும். மேலுரத்துக்கு ஏற்றவை, அடியுரத்துக்கு அல்ல.

கம்போஸ்ட் சரியாக மக்கியிருக்கிறதா என்று எப்படிக் கண்டறிவது?

மூக்கையும் கையையும் நம்புங்கள். மக்கியதில் மழை பெய்த மண்ணின் வாசம் வரும். அமோனியா நெடியோ புளித்த நாற்றமோ வந்தால் இன்னும் நாள் வேண்டும். குவியலைக் கிளறிவிட்டு ஈரம் சரியாக இருந்தும் மறுபடி சூடேறவில்லை என்றால் முடிந்தது. வைக்கோலும் இலையும் உருவம் தெரியக் கூடாது.

இதை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. வைக்கோலில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு ஏறக்குறைய 80 பங்கு கரிச்சத்து (கார்பன்) இருக்கிறது. மரத்தூளில் அது பல நூறு பங்கு. இப்படிப்பட்ட அரைகுறைப் பொருளை மண்ணில் சேர்த்தால், அதைத் தின்ன வரும் நுண்ணுயிர்கள் தம் உடலைக் கட்ட மண்ணில் உள்ள தழைச்சத்தையே எடுத்துக்கொள்ளும். உரம் போட்ட பிறகு பயிர் மஞ்சளாவது இதனால்தான். குவியல் தொடங்கும்போது கரிச்சத்து 25 முதல் 30 பங்கு இருக்கட்டும். முடியும்போது அது 20க்குக் கீழே வந்திருக்க வேண்டும். குவியலின் நடுப்பகுதி 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் பல நாள் நின்று, அவ்வப்போது புரட்டியும் விட்டால் களை விதைகளும் பல நோய்க்கிருமிகளும் அழியும்.

வெளியிலிருந்து வாங்கும் உரத்துக்கு இன்னொரு சோதனை அவசியம். புல் நிலங்களில் அடிக்கும் சில களைக்கொல்லிகள் வைக்கோலிலும் அதைத் தின்ற மாட்டின் சாணத்திலும் அழியாமல் தங்கி, கம்போஸ்ட் வரை வந்துவிடும். உருளைக்கிழங்கு அவற்றுக்கு மிக எளிதில் பலியாகும். இலைகள் சுருண்டு கிண்ணம்போல் மடங்கும். கம்போஸ்டையும் மண்ணையும் கலந்து ஒரு தொட்டியில் நிரப்பி, நாலைந்து பீன்ஸ் விதை போட்டு மூன்று வாரம் பாருங்கள். இலை நேராக விரிந்தால் பயமில்லை.

பச்சைச் சாணத்தை நேரடியாகப் போடலாமா?

உருளைக்கிழங்குக்குப் போட வேண்டாம். புதுச் சாணம் சொறி நோயைக் கூட்டக்கூடியது. எவ்வளவு தழைச்சத்து எப்போது வெளிவரும் என்பதும் கையில் நிற்காது. பெரும்பாலும் வரக்கூடாத பின்பாதியில் வரும். முந்தைய பயிருக்குப் போட்டுவிட்டு, அதன் எச்சத்தில் உருளைக்கிழங்கை வையுங்கள்.

அறுவடை முடிந்த கொடியையும் அழுகிய கிழங்கையும் கம்போஸ்ட் குவியலில் சேர்க்கலாமா?

நோயில்லாத கொடியானால், நன்றாகச் சூடேறும் குவியலில் சேர்க்கலாம். பின்பருவ இலைக்கருகல் வந்த வயலின் கிழங்கைச் சேர்க்கக் கூடாது. அந்தக் கிருமி உயிருள்ள கிழங்குக்குள் அடுத்த பருவம் வரை காத்திருக்கும். நோய் மறுபடி பரவ, குவியலின் ஓரத்தில் முளைக்கும் ஒரே ஒரு கிழங்கு போதும். பாக்டீரியா வாடல் வந்த செடியின் எந்தப் பகுதியையும் குவியல் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அது மண்ணுக்குள் போய்விட்டால் விரட்டுவது மிகக் கடினம்.

இலை மஞ்சளாகிறது. யூரியா போடலாமா?

முதலில் எந்த இலை என்று பாருங்கள். தழைச்சத்துக் குறை அடி இலைகளில் தொடங்கும். செடி முழுவதும் சீராக வெளிறும், வளர்ச்சி குன்றும். அடி இலை மஞ்சளாகியும் நரம்புகள் மட்டும் பச்சையாக நின்றால் மெக்னீசியக் குறை. மேல் இலைகள் மட்டும் வெளிறினால் இரும்பு அல்லது கந்தகத்தை நினையுங்கள். அடி இலைகளில் வளையம் வளையமாகப் பழுப்புப் புள்ளி விழுந்தால் அது முன்பருவ இலைக்கருகல். பட்டினி கிடக்கும் பயிரைத்தான் அது முதலில் பிடிக்கும்.

மண்ணில் நீர் தேங்கியிருந்தாலும் இலை மஞ்சளாகும். அப்போது யூரியா போடுவது பயனற்றது, வேருக்கு மூச்சில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக நாட்களை எண்ணுங்கள். பயிர் முதிர்ந்து கொடி இயல்பாகப் பழுக்கும் நேரத்தில் மஞ்சளைக் கண்டு பதறி யூரியா தூவுவதைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். தோல் முற்றாது, தேய்த்தாலே உரியும், மாவுச்சத்து குறையும், சேமிப்பில் சீக்கிரம் கெடும். முழுப் பருவத்து உழைப்பை அந்த ஒரு கைப்பிடி உரம் கெடுத்துவிடும்.

யூரியாவே வேண்டாம் என்பவர்கள் என்ன செய்வது?

தழைச்சத்து விரைவாக வெளிவரும் இயற்கைப் பொருள்களைக் கம்போஸ்டோடு சேர்க்க வேண்டும். மக்கிய கோழி எரு, பிண்ணாக்கு வகைகள், நடவுக்கு முன் மடக்கி உழுத பயறு வகைப் பசுந்தாள் உரம் ஆகியவை முதல் ஆண்டிலேயே கணிசமாகத் தரும். பசுந்தாளை உழுத பிறகு மக்குவதற்கு இரண்டு மூன்று வாரம் கொடுங்கள். கம்போஸ்டின் அளவை மட்டும் மூன்று மடங்காக்கி ஈடுகட்டப் பார்ப்பது நல்ல வழியன்று. ஆண்டுக்கு ஆண்டு மணிச்சத்து தேவைக்கு மேல் குவியும், சில உரங்களில் உப்பும் சேரும்.

சாம்பல் சத்தை ஏன் எல்லோரும் வலியுறுத்துகிறார்கள்?

கிழங்கோடு நிலத்தைவிட்டு வெளியேறும் சத்துகளில் முதலிடம் அதற்குத்தான்; தழைச்சத்தைவிட அதிகம். இலையில் சமைத்த சர்க்கரை கிழங்குக்கு இறங்குவதற்கும், செடி நீரை அளந்து செலவழிப்பதற்கும் அது வேண்டும். தழைச்சத்தை உயர்த்திவிட்டு இதை மறந்தால் கொடி மட்டும்தான் மிஞ்சும்.

தொட்டியிலும் பையிலும் வளர்ப்பவர்களுக்கு?

மண் கலவையில் மூன்றில் ஒரு பங்கு மக்கிய உரம் போதும். யூரியாவைக் கிராம் கணக்கில் தவறாமல் அளப்பது சிறிய தொட்டிக்குக் கடினம். மண்புழு உரத்தை மண் அணைக்கும்போது ஒருமுறை, மூன்று வாரம் கழித்து ஒருமுறை மேலே சேர்த்து மூடுவது பாதுகாப்பானது.

என் நிலத்துக்குச் சரியான அளவை நானே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். எந்தப் பரிந்துரையையும்விட உங்கள் நிலத்தின் பதில் உறுதியானது. ஒரே ரகத்தை நான்கு கீற்றுகளாக நடுங்கள்: எதுவும் போடாதது, கம்போஸ்ட் மட்டும், யூரியா மட்டும், கம்போஸ்டோடு முக்கால் அளவு யூரியா. நீரும் மண் அணைப்பும் நான்கிலும் ஒன்றாகவே இருக்கட்டும். ஓரச் செடிகளை விட்டுவிட்டு, நடுவிலிருந்து ஒவ்வொன்றிலும் இருபது செடிகளைத் தோண்டி எடை பாருங்கள். மொத்த எடையோடு நிற்காமல் பெரியது, நடுத்தரம், பொடி என்று பிரித்தும் எடை போடுங்கள். மிகைத் தழைச்சத்தின் தடயம் பெரும்பாலும் அந்தப் பிரிப்பில்தான் தெரியும்.

தரத்தைப் பார்க்கவும் எளிய வழி உண்டு. கழுவித் துடைத்த 5 கிலோ கிழங்கை ஒரு வலைப்பையில் போட்டு, தொங்கு தராசில் மாட்டி, முழுவதும் நீருக்குள் அமிழும்படி விட்டு எடை பாருங்கள். 370 கிராம் அளவில் காட்டினால் அந்தக் கிழங்கில் ஈரம் போக ஏறக்குறைய 20 சதவீதம் திடப்பொருள் இருக்கிறது. எடை குறையக் குறைய, கிழங்கில் நீரே அதிகம். நான்கு கீற்றுகளின் எண்களையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு அதே கீற்றுகளில் பயிர் சுழற்சிப்படி வேறு பயிர்தான் வரும். கம்போஸ்ட் போட்ட இரண்டு கீற்றுகளில் அது எப்படி நிற்கிறது என்பதையும் அதே பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.